பாஸ்பேட்டை எப்போது ஏற்றுவது? பூந்தமல்லியிலிருந்து பெப்டைடு லேபுக்கு

அம்பத்தூர் ஆவின் பண்ணையில் விடியற்காலையில் வண்டி ஏறும் பாலில் கால்சியம் நிறைய இருக்கிறது. ஆனாலும் அது சுண்ணாம்பு போல அடியில் படிவதில்லை. கேசின் என்ற பால் புரதத்தில் ஒட்டியிருக்கும் பாஸ்பேட்டுகள் அதைப் பிடித்து வைத்திருக்கின்றன. பீட்டா கேசினில் 5 பாஸ்பேட், ஆல்ஃபா எஸ்1 கேசினில் 8. இந்தப் பாஸ்பேட் உள்ள துண்டுகளைப் பாலிலிருந்து பிரித்தெடுத்து, பல் சொத்தையின் தொடக்கத்தில் பூசும் சிபிபி-ஏசிபி களிம்பு செய்கிறார்கள். மெல்பர்ன் பல்கலைக்கழகத்தில் எரிக் ரெனால்ட்ஸ் குழு உருவாக்கியது அது. வேலப்பன்சாவடியில் பல் மருத்துவம் படிக்கும் பிள்ளைகள் யாரைக் கேட்டாலும் பெயர் சொல்வார்கள்.

பசுவின் மடியில் நடக்கும் இந்தப் பாஸ்பேட் ஏற்றும் வேலையை, வேண்டிய வரிசையில், வேண்டிய இடத்தில், லேபில் கையால் செய்வதுதான் பாஸ்போபெப்டைடு தொகுப்பு. எம்.எஸ்சி. வேதியியல் முடித்துவிட்டு அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் வேலை தேடிக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். நானும் பூந்தமல்லி பேருந்து நிலையத்தில் 54-ஐப் பிடித்துக் கிண்டி போய்ப் படித்தவன். இந்தத் தொழிலின் பெயரைக்கூட அப்போது எனக்கு யாரும் சொல்லவில்லை.

இதற்கு ஏன் ஆள் தேவைப்படுகிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். செல்லுக்குள் ஒரு புரதம் வேலை செய்ய வேண்டுமா, நிற்க வேண்டுமா என்ற உத்தரவு பெரும்பாலும் பாஸ்பேட் ஏறுவதிலும் இறங்குவதிலும்தான் இருக்கிறது. எட்மண்ட் ஃபிஷரும் எட்வின் க்ரெப்ஸும் 1950-களில் இதைக் கண்டார்கள்; 1992-ல் நோபல் பரிசு கிடைத்தது. பாஸ்பேட்டை ஏற்றும் நொதிக்குக் கைனேஸ் என்று பெயர். ரத்தப் புற்றுநோய்க்கான இமாட்டினிப் அப்படி ஒரு கைனேஸைத் தடுக்கும் மருந்து. அதன் ஒரு படிக வடிவத்துக்கு நோவார்டிஸ் 1998-ல் காப்புரிமை கேட்டது நம் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில். 2006-ல் அந்த அலுவலகம் மறுத்தது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் அந்த மறுப்பை உறுதி செய்தது. அல்சைமர் நோயை ரத்தத்தில் கண்டறிய உதவும் சோதனைக்கு 2025 மே மாதம் அமெரிக்கா முதன்முறையாக அனுமதி தந்தது. அது தேடுபவற்றில் ஒன்று, டௌ புரதத்தின் 217-ஆவது திரியோனினில் ஏறிய பாஸ்பேட். இப்படிப்பட்ட சோதனைக்கான ஆன்டிபாடியை உருவாக்கவும் சரிபார்க்கவும் பாஸ்பேட் ஏறிய பெப்டைடு ஒன்று, ஏறாத பெப்டைடு ஒன்று, இரண்டும் வேண்டும். அவற்றைச் செய்து கொடுப்பவர் ஒரு வேதியியலாளர்.

கைனேஸையே கொண்டு ஏற்றக் கூடாதா என்று கேட்பீர்கள். ஏற்றலாம். ஆனால் கைனேஸ் தனக்குப் பிடித்த இடத்தில்தான் ஏற்றும். நமக்கு வேண்டிய இடத்தில் மட்டும் வேண்டுமென்றால் வேதிமுறைதான் கைகொடுக்கும்.

முன்பா, பின்பா?

வழி இரண்டு உண்டு. இரண்டையும் காரணத்தோடு சொல்லத் தெரிந்தால் இன்டர்வியூவில் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

பெப்டைடை ரெசின் மணிகளின் மேல் ஒவ்வோர் அமினோ அமிலமாகக் கட்டுகிறோம். புரூஸ் மெரிஃபீல்டு 1963-ல் வெளியிட்ட முறை இது. அதே 1963-ல்தான் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் அவர் குழுவும் பெப்டைடு சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் மடங்க முடியும் என்ற வரைபடத்தை வெளியிட்டார்கள். பெப்டைடு பற்றிப் பேச நமக்கு ஊர் உரிமையே இருக்கிறது.

முதல் வழி, சங்கிலியை முழுதும் கட்டிவிட்டுப் பின்பு ஏற்றுவது. பாஸ்பேட் வர வேண்டிய செரினின் ஓஎச்-ஐ மட்டும் திறந்து விடுவோம். ரெசின் மேல் இருக்கும்போதே பாஸ்போரமிடைட் சேர்த்து, டெட்ரசோலால் தூண்டி, பிறகு எம்சிபிபிஏ அல்லது டெர்ட்-பியூட்டைல் ஹைட்ரோபெராக்சைடால் ஆக்சிஜனேற்றம் செய்வோம். பாஸ்பரஸை மூன்று இணைதிற நிலையில் ஏற்றிவிட்டு ஐந்துக்கு உயர்த்துவதால் வேலை வேகமாக நடக்கும். பழைய பாஸ்போரோகுளோரிடேட் வகையறா இவ்வளவு சுறுசுறுப்பில்லை. இதற்கான ஒரு நல்ல வினைபொருளை 1988-ல் வெளியிட்ட பெரிச், ஜான்ஸ் இருவரும் மெல்பர்ன்காரர்கள். கேசின் துண்டுகளைச் செய்து பார்க்கும் ஆவலில் இந்த வேதியியலை வளர்த்தவர்கள் அவர்கள். பாலும் பல்லும் பாஸ்போரமிடைட்டும் ஒரே ஊரில் சந்தித்திருக்கின்றன.

இதில் உள்ள பெரிய வசதி, ரெசினில் பாதியை ஒதுக்கி வைத்துவிடலாம் என்பது. பாஸ்பேட் ஏறாத இணைப் பெப்டைடு அதே கட்டுமானத்திலிருந்து கிடைத்துவிடும். சங்கடம், ஆக்சிஜனேற்றம் செய்யும்போது மெத்தியோனின், சிஸ்டீன், டிரிப்டோஃபான் மூன்றும் அடிபடலாம். உலர்ந்த டெட்ரசோல் வெடிக்கும் தன்மை உள்ளது. கரைசலாக வாங்குவதே நல்லது.

இரண்டாவது வழி, பாஸ்பேட் ஏற்கனவே ஏறிய அமினோ அமிலத்தையே செங்கல்லாக வைத்துக் கட்டுவது. இன்று பெரும்பாலான லேப்களில் இதுதான் நடைமுறை. அமினோ முனையை எஃப்மாக் என்ற மூடியால் மறைத்துக் கட்டும் முறையில், செரினின் பாஸ்பேட்டுக்கு இரண்டு பக்கமும் மூடி போட்டால் ஒரு வம்பு வரும். ஒவ்வொரு சுற்றிலும் எஃப்மாக்கை நீக்க பைப்பெரிடின் ஊற்றுகிறோமல்லவா, அது செரினின் ஆல்ஃபா ஹைட்ரஜனைப் பிடுங்கும். பாஸ்பேட் கழன்று ஓடும். அங்கே இரட்டைப் பிணைப்போடு டீஹைட்ரோஅலனின் நிற்கும். இதற்கு பீட்டா நீக்கம் என்று பெயர். 1994-ல் ஜப்பானில் வகாமியா குழு இதற்குக் காட்டிய வழி எளிமையானது. ஒரு பக்கம் மட்டும் பென்சைல் மூடி, மறு பக்கம் திறந்த அமிலம். காரத்தில் அந்த அமிலம் எதிர்மின் சுமை பெற்றுவிடும். சுமை ஏறிய பாஸ்பேட் எளிதில் கழலாது. திரியோனினுக்கும் இதே கதைதான். டைரோசினில் ஓஎச் வளையத்தின் மேல் இருப்பதால் பீட்டா நீக்கம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

இங்கே புதியவர்கள் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. அந்தத் திறந்த அமிலம், இணைப்பு வினைக்காக நாம் ஊற்றும் காரத்தில் ஒரு பங்கைத் தானே குடித்துவிடும். வழக்கமான அளவு டிஐஇஏ போட்டால் வினை பாதியில் நிற்கும். பாஸ்போசெரின் சேர்க்கும் சுற்றில் காரத்தைக் கூட்ட வேண்டும், நேரத்தையும் கூட்ட வேண்டும். செயல்முறைத் தாளில் இந்த வரி இருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள்.

என் தீர்ப்பு: ஒன்றோ இரண்டோ பாஸ்பேட் என்றால் யோசிக்காமல் செங்கல் முறை. பாஸ்பேட் உள்ளதும் இல்லாததும் ஒரே வார்ப்பில் வேண்டும், வரிசையில் மெத்தியோனின், சிஸ்டீன், டிரிப்டோஃபான் எதுவும் இல்லை என்றால் பின்பு ஏற்றும் முறை. மைக்ரோவேவ் கருவியில் செய்வதானால், பாஸ்போசெரின் வந்த பிறகு எஃப்மாக் நீக்கத்தைச் சூடில்லாமல் செய்யுங்கள். சூடு பீட்டா நீக்கத்தைத் தூண்டிவிடும்.

மணியின் நிறம்

இணைப்பு முடிந்ததா என்று கேட்பது மணிகளிடம்தான். ரவையைவிட நுண்ணிய ரெசின் மணிகளில் ஒரு சிட்டிகையைச் சிறு கண்ணாடிக் குழாயில் எடுத்து, கைசர் சோதனையின் மூன்று கரைசல்களிலும் சில துளி விட்டு, 110 டிகிரியில் ஐந்து நிமிடம் வையுங்கள். குழாயை வெளியே எடுத்து வெள்ளைத் தாளுக்கு முன்னால் பிடித்துப் பாருங்கள். மணிகள் வைக்கோல் மஞ்சளாக இருந்தால் நல்லது. கருநீலமாக இருந்தால் அமீன் இன்னும் திறந்து கிடக்கிறது. கரைசல் மஞ்சளாக இருக்க, மணிகளில் மட்டும் லேசான நீலச் சாயல் தெரிந்தால்தான் மனம் தடுமாறும். "பரவாயில்லை, போகலாம்" என்று தோன்றும். போகாதீர்கள். 20 அமினோ அமிலம் உள்ள சங்கிலிக்கு 19 இணைப்பு. ஒவ்வொன்றும் 99 சதவீதம் முடிந்தால் கடைசியில் 83 சதவீதம் மிஞ்சும். 95 சதவீதம் என்றால் மிஞ்சுவது 38. அந்த லேசான நீலத்தின் விலை அவ்வளவு.

எடையைப் படிப்பது

இனி சொல்லப்போவதுதான் இந்தக் கட்டுரையிலேயே முக்கியம். வினையின் பெயர்களை எல்லோரும் ஒப்பிப்பார்கள். மாஸ் ஸ்பெக்கில் வந்த ஓர் எண்ணைப் பார்த்து எங்கே தவறியது என்று சொல்பவருக்குத்தான் வேலை.

கெம்ப்டைடு என்ற பெப்டைடை எடுத்துக்கொள்ளுங்கள். லூசின், ஆர்ஜினின், ஆர்ஜினின், அலனின், செரின், லூசின், கிளைசின். 1970-களில் க்ரெப்ஸோடு வேலை செய்த புரூஸ் கெம்ப்பின் பெயரால் வழங்குவது; கைனேஸ் ஆய்வில் பாலபாடம் போன்றது. ஒரு புரோட்டான் ஏறிய நிலையில் இதன் எடை 772.48. பாஸ்பேட் ஏறினால் 79.97 கூடி 852.45.

நீங்கள் செய்த பொருளில் 772.5 தெரிந்தால் பாஸ்பேட் ஏறவேயில்லை. 836.5 தெரிந்தால், பின்பு ஏற்றும் முறையில் ஆக்சிஜனேற்றம் முழுமையாகவில்லை; எச்-பாஸ்போனேட்டாக நின்றுவிட்டது, ஓர் ஆக்சிஜன் குறைகிறது. 942.5 என்றால் பென்சைல் மூடி இன்னும் கழலவில்லை. 1104.5 என்றால் ஆர்ஜினின் ஒன்றின் பிபிஎஃப் மூடி ஒட்டிக்கொண்டிருக்கிறது. டிஎஃப்ஏ அமிலத்தில் இன்னும் கொஞ்ச நேரம் வைக்க வேண்டும். 839.6 கொஞ்சம் நுட்பமானது. பாஸ்பேட் கழன்ற இடத்தில் பைப்பெரிடின் வந்து உட்கார்ந்திருக்கிறது. 98 போய் 85 வந்ததால் நிகரமாக 13 குறைவு. இந்த 13-ஐ இன்டர்வியூவில் சொல்லிப் பாருங்கள், எதிரே இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

இன்னொன்று. ஆர்ஜினின் இரண்டு இருப்பதால் இந்தப் பெப்டைடு இரட்டைச் சுமையோடு 426.7 என்ற இடத்திலும் பலமாகத் தெரியும். 852-ஐ மட்டும் தேடிவிட்டு "சார், வரலை" என்று சொல்லிவிடாதீர்கள்.

மிச்சம் இருப்பது 754.5. முழுதாக 98 குறைவு, அதாவது பாஸ்பாரிக் அமிலமே போய்விட்டது. இங்கே என் அனுபவத்தைச் சொல்ல வேண்டும். ஒரு நிறுவனத்தில் சேர்ந்த புதிதில் பாஸ்போசெரின் உள்ள ஒரு பெப்டைடு செய்தேன். மாஸில் சரியான எடையும் இருந்தது, 98 குறைந்த எடையும் இருந்தது. பாஸ்போசெரின் கருவிக்குள் அயனியாகும்போதே பாஸ்பாரிக் அமிலத்தை இழக்கும் என்று புத்தகத்தில் படித்திருந்தேன். அது உண்மைதான். அதனால் "கருவியில் உடைந்தது" என்று குறிப்பு எழுதி அனுப்பிவிட்டேன். மூன்று வாரம் கழித்துப் பொருள் திரும்பி வந்தது. சீனியர் என்னைக் கூப்பிட்டு, எச்பிஎல்சி தாளை மேசையில் விரித்து, ஒரே கேள்விதான் கேட்டார்: "இங்கே எத்தனை முகடு இருக்குப்பா?"

இரண்டு இருந்தன. நெருங்கி நின்றன, ஆனால் இரண்டுதான்.

கருவிக்குள் உடைந்திருந்தால் இரண்டு எடையும் ஒரே முகட்டில், ஒரே நிமிடத்தில் வந்திருக்க வேண்டும். தனி முகடாக, வேறு நிமிடத்தில் வந்தால் அது குடுவையிலேயே உடைந்த பொருள். பாஸ்பேட் உள்ளது வழக்கமாகச் சற்று முன்னால் வெளியே வரும், இழந்தது பின்னால் வரும். எல்சி தாளையும் மாஸ் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்கு இரண்டு நிமிடம் போதுமாயிருந்தது. அந்த இரண்டு நிமிடத்தை நான் செலவிடவில்லை. அன்றிலிருந்து இன்றுவரை 98 என்ற வித்தியாசம் கண்ணில் பட்டால் முதலில் நேரத்தைத்தான் பார்க்கிறேன்.

டைரோசினில் இந்த 98 எளிதில் வராது. அங்கே 80 போவதையும், 216.04 என்ற சிறு அயனியையும் தேடுங்கள். டைரோசினில் பாஸ்பேட்டுக்குப் பதில் சல்ஃபேட் ஏறினாலும் ஏறத்தாழ அதே 80 கூடும். வித்தியாசம் 0.0095 மட்டுமே. உயர் துல்லியக் கருவியில்தான் பிரிக்க முடியும்.

டோனி ஹண்டரையும் இங்கே நினைவுகூர வேண்டும். டைரோசினில் பாஸ்பேட் ஏறும் என்பதை அவர் 1979-ல் கண்டபோது, தட்டில் அமினோ அமிலங்களைப் பிரிக்கப் பயன்படுத்தியது பழைய பஃபர். அதன் பிஎச் 1.9-லிருந்து 1.7-க்கு இறங்கியிருந்தது. அதனால்தான் பாஸ்போடைரோசின் பாஸ்போதிரியோனினிலிருந்து விலகித் தனிப் புள்ளியாகத் தெரிந்தது. பழைய பஃபர் நல்லது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். புள்ளி ஏன் நகர்ந்தது என்று அவர் தேடிப் போனார், பிஎச்-ஐ அளந்து பார்த்தார். உங்கள் நோட்டிலும் பஃபர் போட்ட தேதியும் பிஎச்சும் இருக்கட்டும்.

ரெசூமே, வேலை, ஊர்

ரெசூமேயில் "எச்பிஎல்சி தெரியும்" என்று எழுதுவதால் பயன் இல்லை. எந்தக் காலம் (column), என்ன கரைப்பான் சரிவு, என்ன பொருள், எவ்வளவு தூய்மை என்று இரண்டு வரி எழுதுங்கள். எம்.எஸ்சி. புராஜெக்டில் ஏதாவது தோற்றிருந்தால் அதை மறைக்காதீர்கள். ஏன் தோற்றது, எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்பதை மூன்று நிமிடத்தில் சொல்லப் பழகுங்கள். தமிழில் சொல்லிப் பழகிவிட்டு ஆங்கிலத்துக்குப் போங்கள். காரணம் தெளிவாக இருந்தால் மொழி பின்னால் வரும். நான் ஆள் எடுக்கும் மேசையில் உட்கார்ந்த காலத்தில், தடுமாறிய ஆங்கிலத்தில் தன் தவறைச் சரியாக விளக்கிய ஆவடிப் பெண் ஒருத்தியைத்தான் முதலில் தேர்ந்தெடுத்தோம்.

வேலை எங்கே? உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அம்பத்தூர், திருமழிசை தொழிற்பேட்டைகளில் பெப்டைடு தொகுப்புக்கென்றே வேலை கிடைப்பது அரிது. இந்தத் தொழிலின் மையம் ஹைதராபாத். நியூலேண்டு அங்கே பெப்டைடு செய்கிறது. டிவிஸ் அதற்கான மூடியிட்ட அமினோ அமிலங்களைச் செய்கிறது. அடுத்து பெங்களூரு, அங்கே சின்ஜீன், பயோகான். எடைக்குறைப்புக்கும் சர்க்கரைக்கும் தரும் செமாகுளூட்டைடின் இந்தியக் காப்புரிமை 2026 மார்ச்சில் முடிவதால் பெப்டைடு தெரிந்த கைகளுக்கு நல்ல காலம். வீட்டில் அம்மா "ஹைதராபாத்தா?" என்று தயங்குவார், பேசிச் சம்மதம் வாங்குங்கள். இரண்டு ஆண்டு அங்கே பழகிவிட்டு வந்தால் இங்கே கதவு திறக்கும்.

உடனே போக முடியாத நிலையா? பக்கத்தில் எச்பிஎல்சி உள்ள தரக்கட்டுப்பாட்டு லேப் எதிலாவது சேருங்கள். மருந்தோ உணவோ பெயின்டோ, முகட்டைப் படிக்கும் பழக்கம் எங்கும் ஒன்றுதான். ஆய்வுப் பக்கம் ஆசை இருந்தால் கிண்டியில் பல்கலைக்கழக வளாகமும் ஐஐடி-யும், அடையாறில் 1948 முதல் இயங்கும் சிஎல்ஆர்ஐ-யும் ஒரு பேருந்து தூரம். அதற்கு சிஎஸ்ஐஆர் நெட், கேட் எழுத வேண்டும். அறிவியல் பட்டம் இருந்தால் காப்புரிமை முகவர் தேர்வும் எழுதலாம். இமாட்டினிப் கோப்பு போன்ற ஒன்றைப் படித்துப் புரிந்துகொள்ள வேதியியல் தெரிந்தவர்கள்தான் வேண்டும்.

பாதுகாப்பைப் பற்றிச் சுருக்கமாக: டிஎஃப்ஏ தோலில் பட்டால் புண்ணாக்கும், டிஎம்எஃப் கர்ப்பிணிகளுக்கு ஆகாது, எச்பிடியு, எச்ஏடியு போன்ற இணைப்புப் பொருட்களின் தூள் சிலருக்குக் கடும் ஒவ்வாமை தரும். கையுறையும் புகைக்கூண்டும் இல்லாத இடத்தில் சம்பளம் எவ்வளவு தந்தாலும் சேராதீர்கள்.

இன்று இரவே ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். பாஸ்பேட் ஏறிய கெம்ப்டைடில் செரினை எடுத்துவிட்டு அங்கே திரியோனினை வையுங்கள். ஒரு புரோட்டான் ஏறிய எடையைக் கால்குலேட்டரை மட்டும் வைத்துக் கணக்கிடுங்கள். 866.46 வர வேண்டும்.